மத்து சுழலும், வளையம் சுழலாது

தூணில் வளையம் போட்டு நிறுத்திய பெரிய மத்தில் கயிறு சுற்றி மோர் கடைவதைப் பார்த்தவருக்கு, பாய்ப்படகின் முன்பாயைச் சுருட்டும் கருவி பாதி புரிந்த மாதிரிதான். ஒரு முனையை இழுத்தால் மத்து சுழலும், மறுமுனை தானாக உள்ளே ஏறும். வளையம் மட்டும் அசையாது.

படகில் மத்துத்தண்டின் இடத்தில் இருப்பது நீண்ட அலுமினிய உறை. அணியத்திலிருந்து பாய்மரத்தின் மேலே செல்லும் முன்கம்பியின் மீது அதை மாட்டியிருப்பார்கள். உறையில் உள்ள காடிக்குள் பாயின் முன்விளிம்பு செருகியிருக்கும். அடியில் ஒரு டிரம், அதில் சுருட்டுக்கயிறு. கடைகயிற்றின் ஒரு முனை மாலுமியின் கையில் என்றால், மறுமுனை காற்றின் கையில். மாலுமி இழுத்தால் பாய் உறைமேல் சுருளும். அவர் விட்டுக்கொடுத்தால் காற்று பாயை விரிக்கும், கயிறு டிரம்மில் திரும்ப ஏறும்.

வளையத்தின் வேலையைச் செய்வது மேலே உள்ள ஸ்விவல். அதன் கீழ்ப்பாதி பாயோடு சுழலும். மேல்பாதி ஏற்றுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். பெரும்பாலான தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. ஏற்றுக்கயிறு முன்கம்பியை ஒட்டியே போனால் அதுவும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும். சுமார் 10 பாகையாவது பின்னால் விலகிப் போக வேண்டும். சுருட்டுக்கயிறு இறுகுகிறதே என்று வின்ச்சில் போட்டு முறுக்குவது பெரிய ஆபத்து. முன்கம்பி அறுந்து பாய்மரமே சாயலாம். நிறுத்திவிட்டு மேலே பாருங்கள்.

சரி, உலாவுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து எதை வாங்குவது? இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவைச் சுற்றி 1931 முதல் நடக்கும் பந்தயத்தில், சுமார் 50 கடல்மைல் தூரத்துக்குக் குடும்பப் படகுகளும் பந்தயப் படகுகளும் சேர்ந்தே ஓடுகின்றன. அங்கே போகும் 10 மீட்டர் குடும்பப் படகுக்கு நான் கேட்பது இரண்டுதான். உறையில் இரட்டைக் காடி இருக்க வேண்டும். பழைய பாயை இறக்கும் முன்பே புதியதை அடுத்த காடியில் ஏற்றிவிடலாம். டிரம் பிரித்தெடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பந்தயத்தன்று அதைக் கழற்றி, ஸ்விவலைக் கீழே ஒதுக்கிவிட்டால், பாயின் அடிவிளிம்பு தளத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அடியால் காற்று நழுவுவது குறையும்.

கருவி ஒன்று போதும், பாய் ஒன்று போதாது என்பது என் உறுதியான கருத்து. உலாப்பாயின் ஓரத்தில் வெயில் தாங்கும் துணிப்பட்டை தைத்திருக்கும். மெல்லிய காற்றில் அந்தக் கனமே பாயின் வடிவத்தைக் கெடுக்கும். பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் பெரிய முன்பாயான ஜெனோவாவை, முன்கம்பி அடிக்கும் பாய்மரத்துக்கும் உள்ள இடைவெளியில் 150 சதவீத அளவுள்ளதை, பாதி சுருட்டி ஓட்டினால் நடுவில் தொய்வு விழும். முன்விளிம்பில் நுரைப்பட்டை வைத்துத் தைத்தால் குறையும், முழுதாகப் போகாது. ஆகவே உலாவுக்குப் பட்டை தைத்த 135 சதவீதப் பாய், பந்தயத்துக்குப் பட்டையில்லாத தனிப் பாய். பாய் மாற்ற ஆளில்லாத குடும்பம், சுருட்டும் முன்பாய் ஒன்றோடு மட்டும் ஓடும் படகுகளுக்கு ஐஆர்சி என்ற பந்தய மதிப்பீட்டு விதிகள் தரும் சலுகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும்போதே டிரம்மின் கொள்ளளவையும் பாருங்கள். அமைதியான நாளில் பாயை முழுதாகச் சுருட்டிய பிறகும் சில சுற்றுக் கயிறு அதில் மீதமிருக்க வேண்டும். பலத்த காற்றில் பாய் இன்னும் இறுக்கமாகச் சுருளும். அதே பாயை அடக்க அப்போது கூடுதல் சுற்றுகள் வேண்டியிருக்கும்.