செயற்கூறைத் திருப்பி அனுப்பும் செயற்கூறுகளின் அலகுச் சோதனை

செயற்கூறுசார் நிரலாக்கத்தில் ஒரு செயற்கூறு இன்னொரு செயற்கூறையே விடையாகத் திருப்பி அனுப்பலாம். இதனைச் சோதிக்கும்போது, திரும்பி வந்த செயற்கூறை வேறொன்றோடு ஒப்பிட்டுப் பயனில்லை. பைத்தானில் ஒரே வரையறையிலிருந்து இருமுறை உருவானவைகூடச் சமமாகக் கருதப்படுவதில்லை. எனவே அதனை அழைத்து, அது தரும் விடையையே சோதிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நீளவடிகட்டி(7) என்பது ஒரு சொல்லில் 7 எழுத்துகள் உள்ளனவா எனக் கூறும் செயற்கூறைத் தருவதாகக் கொள்வோம். அதற்கு 'சிங்காநல்லூர்' எனக் கொடுத்தால் 'சரி' எனவும், 'கோவை' எனக் கொடுத்தால் 'தவறு' எனவும் வர வேண்டும். உள்ளே பைத்தானின் 'லென்' பயன்பட்டிருந்தால் முதல் சோதனை தோற்கும். ஒருங்குறியில் 'சி' என்பது சகரம், இகரக் குறி என இரண்டாக எண்ணப்படுவதால், ஊர்ப்பெயரின் நீளம் 13 ஆகிவிடும். ஓப்பன்-தமிழ் நூலகம் அதனை 7 எழுத்துகளாகச் சரியாகப் பிரிக்கிறது.

இத்துடன் நிறுத்தக்கூடாது. நீளவடிகட்டி(2) ஒன்றையும் உருவாக்கியபின், முதலாவதை மீண்டும் அழைக்க வேண்டும். எண்ணைப் பொது மாறியில் வைத்திருந்தால், முதலாவதும் 7 ஐ விட்டு 2 ஐப் பின்பற்றத் தொடங்கும். ஒன்றை மட்டும் உருவாக்கிச் சோதிப்பவருக்கு இப்பிழை தென்படாது.