வெங்காயத்தின் மூன்று பட்டங்கள்

வெங்காயம் உரிக்காத நாள் நம் தமிழ் இல்லங்களில் அரிது. சாம்பாரானாலும் வற்றற்குழம்பானாலும் அஃதின்றி நிறைவதில்லை. ஆயினும், பெரும்பாலான ஆண்டுகளில் ஆவணி தொடங்கித் தீபாவளி கடந்தும் அதன் விலை ஏறுவது ஏன், சித்திரையில் வாங்கிய காய் மாதக்கணக்கில் இருக்க, கார்த்திகையில் வாங்கியது சில வாரங்களிலேயே அழுகுவது ஏன் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இதற்கு விடை, அது பயிராகும் பட்டத்தில் இருக்கின்றது.

மும்பையிலும் புனேயிலும் குடியேறியுள்ள நாம், இந்தியாவிலேயே மிகுதியாக வெங்காயம் விளையும் மாநிலத்தில் வாழ்கின்றோம். நாசிக் மாவட்டத்து லாசல்காவ் சந்தையின் விலையே நாட்டின் பல நகரங்களுக்கு அளவுகோலாகின்றது. அப்பகுதி உழவர்கள் ஆண்டில் மூன்று முறை நாற்று நடுகின்றனர்.

முதலாவது மழைக்காலப் பட்டம். மே, ஜூன் மாதங்களில் நாற்றங்காலில் விதைத்து, ஜூலை, ஆகஸ்டில் நட்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுப்பர். இரண்டாவது பின்மழைப் பட்டம். ஆகஸ்டு, செப்டம்பரில் விதைத்து, அக்டோபர், நவம்பரில் நடுவர்; ஜனவரி முதல் மார்ச்சு வரை அறுவடை. மூன்றாவது கோடைக் காய். அக்டோபர், நவம்பரில் விதைத்து, டிசம்பர், ஜனவரியில் நடுவது, மார்ச்சு இறுதி முதல் மே வரை வீடு வந்து சேரும். ஆண்டு விளைச்சலில் பாதிக்கு மேற்பட்டது இம்மூன்றாம் பட்டத்ததே. சந்தையில் மழைக்காலக் காயை ‘லால்’ என்றும், கோடைக் காயை ‘உன்ஹாளி’ என்றும் கூறுவர்.

இவற்றுள் நெடுநாள் இருப்பது உன்ஹாளியே. மழையில் வளர்ந்த காயில் ஈரம் மிகுதி. கழுத்துத் தடித்து, தாள் பசுமையாய் நிற்கும்போதே பிடுங்க நேர்கின்றது. அதனை ஒரு மாதத்திற்கு மேல் வைத்திருத்தல் கடினம். கோடைக் காயோ வறண்ட காற்றில் முதிர்கின்றது. பாதித் தாள்கள் தாமே சாய்ந்ததும் அறுவடைக்குப் பக்குவம் என்பர். அதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும். பிடுங்கிய காயை அதன் தாளாலேயே மூடி, சில நாள் வயலில் உலர்த்தி, கழுத்தில் ஓர் அங்குலம் விட்டுத் தாளை அறுத்து, மீண்டும் நிழலில் ஆற வைப்பர். கழுத்து இறுகி, மேல்தோல் சரசரவென்று காய்ந்த பின்னரே சேமிப்பு. அதற்கென அமைத்த காற்றோட்டமான கொட்டகை ‘காந்தா சாள்’ எனப்படும். நம் ஊர்ப்பக்கத்தில் சின்ன வெங்காயத்திற்குப் பட்டறை போடுவதும் இதே நோக்கத்தோடுதான்.

ஜூன் முதல் அக்டோபர் வரை நாடு பெரிதும் உண்பது இவ்வாறு சேமித்த கோடைக் காயையே. இருப்புக் குறையும் வேளையில் மழைக்காலப் பயிர் வந்து சேரவில்லையெனில் விலை தாவுகின்றது. 2019ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் பெய்த பெருமழை மராட்டியத்து வயல்களைக் கெடுத்தது. செப்டம்பரிலேயே ஏற்றுமதி தடைசெய்யப்பட்டும், டிசம்பரில் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைக் கடந்தது. மாதச் சம்பளக் குடும்பங்கள் அப்போது பட்ட இடரை நாம் அறிவோம். பயிரையே இழந்த உழவனின் இடர் அதனினும் பெரிது.

ஆகவே, நம் இல்லத்தரசியர் ஏப்ரல், மே மாதங்களில், கழுத்து மெலிந்து தோல் காய்ந்த காயாகப் பார்த்து, மழைக்காலத்தின் முற்பகுதிக்குப் போதிய அளவு வாங்கி வைத்தல் நலம். மும்பையின் மழைக்கால ஈரத்தில் அதற்கு மேல் சேர்ப்பது வீண். மூங்கிற் கூடையிலோ வலைப்பையிலோ காற்றாட வைத்து, வாரம் ஒருமுறை கிளறி, அழுகியதை அகற்றுதல் வேண்டும். உருளைக்கிழங்குடன் சேர்த்து வைத்தலாகாது. அக்டோபருக்குப் பின் வரும் புதுக் காயை அவ்வப்போது தேவைக்கு மட்டும் வாங்குவதே சிக்கனம்.

வீட்டில் பயிரிட விழைவோர்க்கு ஒரு சொல். வெங்காயம் காய் கட்டுவது பகலின் நீளத்தைப் பொறுத்தது. குளிர்நாட்டு வகைகள் சிலவற்றிற்குப் பதினான்கு மணி நேரப் பகல் வேண்டும். மும்பையின் மிக நீண்ட பகலும் பதின்மூன்று மணியைச் சற்றே கடக்கும். அத்தகைய விதையை இங்கு இட்டால் தாள் தழைக்குமேயன்றிக் காய் திரளாது. சமவெளிக்குரிய விதையையே கேட்டு வாங்குக.

சின்ன வெங்காயத்திற்கு விதையும் நாற்றங்காலும் வேண்டுவதில்லை, காயையே நடலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதில் பல வகைகளை வெளியிட்டுள்ளது. தமிழ்நாட்டில் இதற்குச் சித்திரை, வைகாசியும் ஐப்பசி, கார்த்திகையும் உரிய பருவங்கள். மழை மிகுந்த மும்பையில் ஐப்பசியே ஏற்றது. நீர் தேங்காத அகன்ற தொட்டியில், வெயில் படும் இடத்தில், நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, நுனி மண்ணுக்கு மேல் சற்றே தெரியுமாறு நட்டால், ஏறக்குறைய எழுபது நாளில் கொத்துக் கொத்தாய் எடுக்கலாம். பொங்கலுக்கு முன் சாம்பாருக்கு ஆகும். இடையில் இரண்டொரு தாளைக் கிள்ளிப் பொரியலில் சேர்த்தாலும் குறையில்லை. வரும் ஐப்பசியில் ஒரு தொட்டியிலேனும் நட்டுப் பார்ப்போமாக.