மேசைமேல் குளச்சல் போர்

சிற்றுருவப் படைகளை மேசைமேல் நிறுத்திப் போர் நடத்துவது சிறுவர்க்கே உரியது என்பர் சிலர். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், தமது நாற்பத்தாறாம் வயதில், 1913-இல், அவ்விளையாட்டின் விதிகளை நூலாகவே வெளியிட்டார். மெய்ப்போரினும் பொம்மைப் போரே நன்று என்பது அவர் துணிபு. மறு ஆண்டே உலகப் போர் மூண்டது!

பள்ளிப் பருவத்தில் விட்ட இவ்விளையாட்டை, முப்பதைக் கடந்தபின் திருவனந்தபுரத்தில் மீண்டும் தொடங்கியுள்ளோம். அட்டையில் வெட்டிய வீரர்களே நம் படை. அளவுகோலால் அளந்து நகர்த்துவோம். மோதலின் முடிவைப் பகடை கூறும்.

நாம் ஆடுவது 1741-ஆம் ஆண்டுக் குளச்சல் போர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை வென்ற போர் அது. சிறைப்பட்ட டிலனாய், பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சியளித்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இன்றும் உளது.

1956-இல் எல்லை பிரிந்தபோது குளச்சல் தமிழரிடம் வந்தது. அதன் கதையோ இரு மொழியார்க்கும் பொது. ஆதலின், அடுத்த வீட்டு மலையாளச் சிறுவனும் நம் மைந்தனும் ஒரே மேசையில் அமர்கின்றனர். ஆட்டந்தோறும் பக்கம் மாறுகின்றனர். தோற்றவன் முகம் வாடினால் டிலனாயின் கதையைச் சொல்கிறோம். பகைவனும் நம்மவனாகலாம் என்பதைப் பிள்ளைகள் அறிய, அன்பர்களே, ஒரு மேசையும் சிறிது அட்டையும் போதும்.