முதலை எந்தப் பக்கம் பார்க்கிறது?

நெஞ்சில் குட்டி முதலை தைத்த டி-சட்டையை எங்காவது பார்த்திருப்பீர்கள். பேருந்தில், கல்யாண வீட்டில், இல்லையென்றால் உங்கள் அலமாரியிலேயே. எழுந்துபோய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்: அந்த முதலையின் தலை எந்தப் பக்கம் இருந்தது? இடப்பக்கமா, வலப்பக்கமா? சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு மாலை, தேநீர் குடித்துக்கொண்டிருந்த நண்பர்களிடம் இதைக் கேட்டேன். எல்லோரும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் இடம் என்றார், ஒருவர் வலம் என்றார், மூன்றாமவர் முதலில் இடம் என்று சொல்லிவிட்டு உடனே மாற்றிக்கொண்டார்.

மூவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். ஏனென்றால் முதலைகள் இரண்டு. வலப்பக்கம் பார்ப்பது பிரான்சின் லகோஸ்ட். ரெனே லகோஸ்ட் என்ற டென்னிஸ் வீரருக்கு 1920களில் பத்திரிகைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'முதலை'. 1933இல் அவர் சட்டை விற்கத் தொடங்கியபோது பட்டப்பெயரையே சின்னமாக்கிக்கொண்டார். இடப்பக்கம் பார்ப்பது சிங்கப்பூர் முதலை. 1947இல் டான் ஹியன் சின் இங்கே தொடங்கிய நிறுவனத்தின் 'குரோகடைல்' அது. அந்தச் சிங்கப்பூர் முதலை தமிழ்நாட்டுக்கும் அந்நியமல்ல. அவிநாசியைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.பி. அப்பேரல்ஸ், உரிமம் பெற்று இந்தியாவில் அந்தப் பெயரில் ஆடைகள் விற்றது.

இரண்டு முதலைகளையும் அருகருகே வைத்தால் குழந்தைகூட வேறுபாடு சொல்லிவிடும். ஆனால் யாரும் அப்படி வைத்துப் பார்த்துச் சட்டை வாங்குவதில்லை. போன மாதம் ஒன்றைப் பார்க்கிறோம், இந்த மாதம் இன்னொன்றைப் பார்க்கிறோம். நடுவில் இருப்பது நினைவு. அது பாதி அழிந்த கோலம் மாதிரி: வடிவம் இருக்கும், புள்ளிக் கணக்கு இருக்காது. டிரேட்மார்க் என்று எல்லோரும் சொல்லும் வணிகக்குறியை ஆளும் சட்டம் இந்த அரைகுறை நினைவின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. சிங்கப்பூர் நீதிமன்றங்கள் இரண்டு குறிகளை ஒப்பிடும்போது, ஓரளவு கவனமும் அரைகுறை நினைவும் உள்ள சராசரி வாங்குபவரின் தலைக்குள் புகுந்து பார்க்க முயல்கின்றன. வணிகக்குறி வழக்கறிஞரின் வேலையும் அதுதான். சட்டப் புத்தகத்தோடு சேர்த்து மனித மறதியையும் படித்தாக வேண்டிய தொழில் இது.

குறி போடும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. முத்திரையை இங்கே எல்லோரும் 'சாப்' என்பார்கள். 'படிவத்தில் சாப் வைத்து வாருங்கள்' என்று தமிழிலும் சொல்கிறோம். இந்தியில் 'சாப்', தமிழில் 'சாப்பா', மலாயில் 'சாப்', ஆங்கிலம் பேசிய துறைமுக வணிகர்கள் வாயிலும் 'சாப்'. ஒரே சொல் கப்பலேறி ஊர் ஊராகப் போயிருக்கிறது. பழைய சீனக் கடைகளின் பெயருக்கு முன்னாலும் அது நிற்கும். எழுத்துத் தெரியாதவர் துணி வாங்கும்போது படம்தான் பெயர். யானைப் படம் ஒட்டிய கைலி நன்றாக உழைத்தால் அடுத்த முறையும் யானைதான் கேட்பார். அந்தக் கைலிக்கு மலாயில் 'காயின் பெலிகாட்' என்று பெயர். 'பெலிகாட்' நம் பழவேற்காடு. துணி போய்ச் சேர்ந்த இடத்தில் ஊரின் பெயரே தரச்சான்றாகிவிட்டது.

இப்போது ஒரு வழக்கறிஞரின் மேசைக்குப் போவோம். தேக்கா பக்கம் புடவைக் கடை தொடங்கப்போகும் ஒருவர் வந்து, 'மயில்கண்' என்று பெயர் வைக்கப்போகிறேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அழகான பெயர். வழக்கறிஞரோ தயங்குவார். புடவைக்காரர்களுக்கு மயில்கண் என்பது ஒரு கரையின் பெயர். கரையில் வரிசையாக நெய்யும் சிறு கண் வடிவம். அதை ஒரு கடைக்கு மட்டும் எழுதிக்கொடுத்தால் மற்ற நெசவாளரும் கடைக்காரரும் தங்கள் புடவையை எப்படி வருணிப்பார்கள்? அதே பெயரைத் தேயிலைக்கு வைத்தால் தடை ஏதும் இருக்காது. ஒரே சொல் ஓரிடத்தில் பொதுச்சொத்து, இன்னோரிடத்தில் தனிச்சொத்து. 'பட்டு', 'சில்க்ஸ்', 'விலாஸ்', 'பவன்' எல்லாம் இப்படிப்பட்ட பொதுச் சொற்கள்தாம். கடைப்பெயரில் அவை இருக்கலாம், ஆனால் குறியின் பலம் அவற்றுக்கு முன்னால் நிற்கும் சொல்லில்தான் இருக்கிறது. முழுக்க முழுக்கப் புதிதாகக் கட்டிய சொல்லே எல்லாவற்றிலும் வலியது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் உருவாக்கிய 'கோடாக்' எந்த மொழியிலும் எதையும் குறிக்கவில்லை. அதனாலேயே அதை அசைக்க முடியவில்லை.

பெயர் முடிவானதும் எந்தப் பொருளுக்கு என்ற கேள்வி வரும். உலகத்துச் சரக்கையும் சேவையையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது நைஸ் வகைப்பாடு. பிரான்சின் நைஸ் நகரில் 1957இல் உருவான ஒப்பந்தத்தால் வந்த பெயர். முதல் 34 வகுப்புகள் பொருள்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. ஒரு ரவிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தைக்காத பிளவுஸ் பிட் 24ஆம் வகுப்பு. தைக்கும் நூல் 23. கொக்கி 26. தையற்காரரின் உழைப்பு 40. தைத்து முடித்த ரவிக்கை 25. அதை விற்கும் கடையின் சேவை 35. அதற்குப் பொருத்தமாகக் கையில் மாட்டும் பை 18, வளையல் 14, நெற்றிக்கு வைக்கும் அழகுப்பொருள் 3. ஒரு பெண் கல்யாணத்துக்குக் கிளம்பி நிற்கும்போது அட்டவணையின் ஐந்தாறு வகுப்புகளை அணிந்து நிற்கிறார். வழக்கறிஞர் இன்று 25ஐ மட்டும் கேட்டு 18ஐ விட்டுவிட்டால், நாலு வருடம் கழித்துக் கடைக்காரர் கைப்பை விற்க நினைக்கும்போது அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்தது தேடல். ஏற்கெனவே பதிவான குறிகளில் நம்முடையது போல ஒன்று இருக்கிறதா? சொல் என்றால் அகரவரிசையில் தேடலாம் என்று தோன்றும். தமிழ்ப் பெயரிடம் அது நடக்காது. 'எழில்' என்பதை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். ழகரத்துக்கு மட்டுமே ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறோம். அத்தனையையும் தேட வேண்டும். தமிழ் எழுத்திலேயே குறியைப் பதிவு செய்வதென்றாலும் விண்ணப்பத்தில் அதன் ஒலிபெயர்ப்பும் ஆங்கிலப் பொருளும் தர வேண்டும். சீன, மலாய் வாங்குபவரின் காதில் அது எப்படி விழும் என்பதையும் சொல்லிப் பார்க்க வேண்டும். மூடிய அறையில் ஒரே சொல்லைப் பத்து விதமாக உச்சரித்துப் பார்ப்பது இத்தொழிலில் அன்றாடம்.

படம் என்றால் எப்படித் தேடுவது? அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கருவி வருகிறது. 1973இல் வியன்னாவில் கையெழுத்தான ஒப்பந்தம், உலகில் வரையத்தக்க எல்லாவற்றையும் 29 பிரிவுகளாக்கி எண் கொடுத்தது. 1ஆம் பிரிவில் சூரியன், நிலா, விண்மீன். 2இல் மனிதர்கள். 3இல் விலங்குகள். 4இல் பூதங்களும் கற்பனை உயிர்களும். 5இல் செடிகொடிகள். யானைக்கு இடமுண்டு, யாளி போன்ற ஒன்றுக்கும் இடமுண்டு. படங்களுக்கென்று ஒரு நிகண்டு இது. நம் நிகண்டுகளும் தேவர், மக்கள், விலங்கு, மரம் என்றே உலகை அடுக்கின. பல நூற்றாண்டு இடைவெளியில் அதே அடுக்குமுறை முத்திரைக்காரர்களுக்கும் தேவைப்பட்டிருக்கிறது. முதலைச் சட்டை விற்க நினைப்பவர் 3ஆம் பிரிவில் ஊர்வனவற்றின் கிளைக்குப் போய், அங்கே யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

தேடி முடித்துப் பதிவுக்குப் போடுவது இப்போது எளிது. சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகம் 2019இல் கைப்பேசிச் செயலியே கொண்டுவந்தது. ஏற்கப்பட்ட குறி வணிகக்குறி இதழில் வெளியாகும். அதன்பின் இரண்டு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு இல்லாவிட்டால் 10 ஆண்டு உரிமை. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால் அதற்கு முடிவே இல்லை. காப்புரிமை 20 ஆண்டில் தீர்ந்துவிடும், எழுத்தாளரின் பதிப்புரிமைகூட ஒருநாள் முடியும். வணிகக்குறி மட்டும் பேரன் காலத்தையும் தாண்டி வாழலாம்.

எதிர்ப்பு வந்தால்தான் உண்மையான வேலை. 2006இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது போலோ வழக்கு. அமெரிக்காவின் போலோ ரால்ப் லாரன் தரப்பு, 'போலோ பசிபிக்' என்ற பெயரில் ஆடை விற்ற உள்ளூர்க் கடை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. பெரிய நிறுவனம் தோற்றது. போலோ என்பது ஒரு விளையாட்டின் பெயர், யாரும் கண்டுபிடித்த சொல் அல்ல. கூட ஒரு சொல் சேர்ந்ததும் வாங்குபவர் குழம்ப மாட்டார் என்றது நீதிமன்றம். 2013இல் 'செயின்ட் ரீஜிஸ்', 'பார்க் ரீஜிஸ்' என்ற இரண்டு விடுதிப் பெயர்கள் மோதியபோது அதே நீதிமன்றம் படிக்கட்டைத் தெளிவாகக் கட்டிக் காட்டியது. முதற்படி, குறிகள் ஒத்தவையா: கண்ணுக்கு, காதுக்கு, கருத்துக்கு. இரண்டாம் படி, பொருள்கள் ஒத்தவையா. இரண்டிலும் ஆம் என்றால் மட்டுமே மூன்றாம் படி: மக்கள் குழம்புவார்களா. முதல் படியிலேயே தடுக்கியவர் மேலே ஏற முடியாது.

முதலைகளுக்குத் திரும்புவோம். பல ஊர்களில் மோதிக் களைத்த இரு நிறுவனங்களும் 1983இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தைவான், சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருணை ஆகிய ஐந்து இடங்களில் இரண்டும் சேர்ந்தே வாழலாம் என்று. இன்னும் இங்கே ஒரே கடைத்தொகுதியில் இரண்டையும் பார்க்க முடிவது அந்தத் தாளால்தான். பட்டியலில் இல்லாத நாடுகளில் கதை வேறு. சீன உச்ச நீதிமன்றம் 2010இல் சிங்கப்பூர் முதலையின் பக்கம் நின்றது. வரலாற்றையும் சந்தையையும் பார்த்து, வாங்குபவர் பிரித்தறிவார் என்று முடிவு செய்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2001இல் லகோஸ்ட் தொடுத்த வழக்கில் 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஐந்து இடங்களின் பட்டியலில் இந்தியா இல்லை என்று கண்ட நீதிபதி, தனித்து நிற்கும் முதலைப் படத்தைச் சிங்கப்பூர் நிறுவனம் இந்தியாவில் பயன்படுத்தத் தடை விதித்தார். அதே இரண்டு விலங்குகள், அதே இடமும் வலமும், பீஜிங்கில் ஒரு விடை, டெல்லியில் வேறு விடை. ஒப்பந்தத்தில் எழுதிய ஐந்து பெயர்கள் எவ்வளவு கனமானவை என்று பாருங்கள். ஆறாவதாக ஒரு பெயர் சேர்ந்திருந்தால் 23 ஆண்டு வழக்கு நடந்திருக்காமலே போயிருக்கலாம்.

நியூசிலாந்தில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே முதலைப் படமும் அதோடு 'குரோகடைல்' என்ற எழுத்தும் சேர்ந்த ஒரு குறி லகோஸ்ட்டின் பெயரிலேயே பதிவாகியிருந்தது. ஆனால் அதே வடிவில் லகோஸ்ட் அதைப் பயன்படுத்தவில்லை. எங்கள் மற்ற முதலைகளைப் பயன்படுத்துகிறோமே, அது போதாதா என்று வாதாடினார்கள். போதாது என்று சொல்லி 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பதிவை நீக்கியது. வென்றது சிங்கப்பூர் நிறுவனம். வணிகக்குறிக்கு உயிர் பதிவேட்டில் இல்லை, புழக்கத்தில் இருக்கிறது. சிங்கப்பூரிலும் தொடர்ந்து ஐந்து ஆண்டு பயன்படுத்தாத குறியை நீக்கச் சொல்லி யாரும் கேட்கலாம்.

போலிகளோடு நடக்கும் சண்டை தனிக் கதை. 1896இல் பயணப்பெட்டி செய்த ஜார்ஜ் வித்தோன் தன் பெட்டிகளில் பூவும் எழுத்தும் பின்னிய கோலத்தைக் கொண்டுவந்ததே நகலெடுப்பவர்களைத் தடுக்கத்தான். இன்று உலகில் மிக அதிகம் நகலெடுக்கப்படும் கோலங்களில் அதுவும் ஒன்று. இங்கே போலி விற்றால் பொருள் ஒன்றுக்கு 10,000 வெள்ளிவரை, மொத்தம் ஒரு லட்சம் வெள்ளிவரை அபராதம், ஐந்து ஆண்டுவரை சிறை. உரிமைக்காரர் தன் நட்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியாத நிலைக்கும் சட்டத்தில் வழி உண்டு: பொருள்வகை ஒன்றுக்கு ஒரு லட்சம் வெள்ளிவரை நீதிமன்றமே ஈடு தீர்மானிக்கலாம். போலி விற்பவர் கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டா விற்பார்?

ஆனால் வழக்கறிஞர் கணக்கு வைக்க வேண்டும். சந்தேகம் வந்த கடைக்கு அவர் அனுப்பும் ஆள் சாதாரண வாடிக்கையாளர்போல நுழைவார். ஒரு சட்டை வாங்குவார். பில் கேட்டு வாங்குவார். கடை முகப்பு, மாட்டியிருந்த இடம், கழுத்துப்பட்டி, துவைப்புக் குறிப்பு, பொத்தான், உள்தையல் எல்லாவற்றையும் படமெடுப்பார். அசல் முதலையோடு வைத்துத் தையல்களை எண்ணுவார். போலியில் பல் குறைந்திருக்கும், அல்லது பின்பக்கம் நூல் முடிச்சு பிதுங்கியிருக்கும். பிறகு சட்டையை உறையிலிட்டு, மூடி, தேதி எழுதிக் கையெழுத்திடுவார்.

அந்த உறையை மூடுமுன் கடைசியாக உள்ளே போவது பில்லின் நகல். கடைகளில் தரும் பில் வெப்பத்தில் எழுத்துப் பதியும் தாள். சிங்கப்பூர்ச் சூட்டில் சில மாதங்களில் வெளிறி வெற்றுத்தாளாகிவிடும். வழக்கு விசாரணைக்கு வர ஆண்டுகள் ஆகலாம். அதனால் அலுவலகம் திரும்பியதும், தேநீருக்குப் போகும் முன்பே, அந்த இரண்டு அங்குலத் தாளை நகலெடுத்துவிடுகிறார்கள்.