தேயிலை மரத்தைச் செடியாக வைத்திருப்பது எப்படி?

இலங்கையில் தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையே இடுப்பளவு உயரத்தில் ஒரே மட்டமாக விரிந்து கிடக்கும் தேயிலை, இயல்பில் ஒரு மரம். கத்தி படாமல் விட்டால் முப்பது அடிகூட வளரும்; பூக்கும், காய்க்கும். கொழுந்து மட்டும் கைக்கு எட்டாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலம் முதல், அந்த மரத்தை மரமாக விடாமல் பார்த்துக்கொள்வதே தோட்டத்து வேலைகளில் முக்கியமானது.

இப்போது சில தோட்டங்கள் தேயிலை நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்துத் தொழிலாளர் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுக்கின்றன. பறிக்கும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் பணம். கொழுந்து குறைந்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது உர மூட்டை. ஆனால் செடியின் உருவமும் அதில் விட்டுவைத்த இலையும் சரியாக இல்லாவிட்டால் உரம் பெரிதாக உதவாது.

நுனியை வெட்டுவது ஏன்?

தண்டின் நுனியில் ஆக்ஸின் என்ற வளர்ச்சிப் பொருள் உருவாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. இலைக் கக்கங்களில் உள்ள மொட்டுகளை அது எழவிடாமல் தடுக்கிறது. நுனியை வெட்டினால் தடை நீங்கும்; தூங்கிய மொட்டுகள் தளிர்க்கும், ஒரு தண்டு இருந்த இடத்தில் மூன்று நான்கு வரும். வீட்டு முற்றத்து ரோஜாவும் இப்படித்தான் கிளைக்கிறது. தேயிலையில் பறிப்பதே நுனியைத்தான் என்பதால், ஒவ்வொரு பறிப்பும் ஒரு சிறு கவ்வாத்து, அதாவது கிளை வெட்டு.

இளஞ்செடிக்கு உருவம் கொடுத்தல்

தவறணை எனும் நாற்றுமேடையிலிருந்து மலைக்கு வந்த கன்று வேர் பிடித்துத் தண்டு தடித்ததும், அதைத் தாழ்வாக வெட்டிவிடுவார்கள். பக்கக் கிளைகள் எழுந்த பிறகு சற்று மேலே இன்னொரு வெட்டு. இப்படி அடியிலேயே பல கிளைகள் பரவினால்தான் பிற்காலத்தில் செடி அகலமாகும்.

வெட்டாமலும் இதைச் செய்யலாம். கிளைகளை வெளிப்பக்கம் வளைத்துக் கவைக்குச்சியால் நிலத்தோடு பொருத்தினால், படுத்த கிளையின் மேல்பக்கமெங்கும் தளிர்கள் நேராக எழும். இலை வீணாகாததால் கன்று சீக்கிரம் தேறும். ஆனால் வேலை அதிகம். எந்த முறையானாலும் இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுக் கொழுந்து பறித்தவர் செடியின் அகலத்தை இழப்பார்.

கவ்வாத்துக்கு முன் வேரைப் பாருங்கள்

ஒவ்வொரு ஆண்டும் பறிக்கும் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். மேலே முடிச்சு விழுந்த மெல்லிய குச்சிகள் பெருகும்; மொட்டு உறங்கிப்போன தளிர்கள் கூடும்; கொழுந்து குறையும். அப்போதுதான் கவ்வாத்து. வளர்ச்சி வேகமான தாழ்நிலத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேவைப்படும். குளிரில் மெதுவாக வளரும் நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் நான்கைந்து ஆண்டு தாங்கும்.

கவ்வாத்து செய்த செடியில் இலை இல்லை. இலை இல்லாமல் உணவும் இல்லை. புதுத் தளிர் வரும்வரை வேரில் சேர்ந்திருக்கும் மாச்சத்துதான் கைகொடுக்க வேண்டும், சீட்டுப் பணம் கஷ்ட காலத்தில் கைகொடுப்பது போல. அது போதுமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: பென்சில் கனமுள்ள வேரை வெட்டி, வெட்டுமுகத்தில் அயோடின் கரைசலைத் தடவினால் போதும். கருநீலமானால் மாச்சத்து இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் சில வாரம் பறிக்காமல் செடியை ஓய்வில் விட்டுப் பிறகு வெட்ட வேண்டும்.

குளிர்ந்த உயர்நிலத்தில் வேரில் மாச்சத்து நன்றாகச் சேரும். அதனால் எல்லாக் கிளைகளையும் வெட்டினாலும் செடி தாங்கும். வெப்பமான தாழ்நிலத்தில் ஓரிரு கிளைகளை இலையோடு விட்டே வெட்டுவார்கள். கடும் வறட்சிக் காலத்தில் எங்குமே கவ்வாத்து கூடாது.

வெட்டும் முறை

முந்திய வெட்டுக்கு ஓரிரு அங்குலம் மேலே, கூரான கவ்வாத்துக் கத்தியால் ஒரே வீச்சில், சற்றுச் சாய்வாக வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தி கிளையைப் பிளக்கும். பிளந்த இடத்தில் நீர் இறங்கி மரம் உளுக்கும், கறையானும் வரும். பட்ட குச்சிகளை அகற்றி, தண்டில் படிந்த பாசியைச் சுரண்டி, வெட்டிய தழையைச் செடியின் மேலேயே பரப்புங்கள். வெயிலில் பட்டை வேகாது. பிறகு அது மண்ணுக்கு எருவாகும்.

இரண்டு மூன்று மாதத்தில் தளிர் எழும். உடனே கை வைக்கக் கூடாது. வெட்டுக்கு மேல் நான்கு முதல் ஆறு அங்குலம் வரை தண்டும் இலையும் நிற்க விட்டு, அந்த மட்டத்துக்கு மேல் வந்த நுனிகளை மட்டும் கிள்ள வேண்டும். அப்படித் தங்கும் இலைப்படலம்தான் அடுத்த கவ்வாத்துவரை செடிக்குச் சோறு போடும். கொழுந்து பறிக்கும் பெண்கள் செடியின் மேல் மட்டக்கம்பு வைப்பதும் இதற்காகத்தான்: கம்புக்கு மேலே உள்ளது கூடைக்கு, கீழே உள்ளது செடிக்கு. ஏழு நாள் அளவில் சுற்று தவறாமல் ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ பறித்தால் தளிர் முற்றாது, மட்டமும் குலையாது.

ஆகவே கொழுந்து குறைந்தால் உரம் வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். கடைசிக் கவ்வாத்து எப்போது நடந்தது? மட்டத்தின் கீழ் பச்சை இலை போதிய அளவு இருக்கிறதா? பறிப்புச் சுற்று பிந்துகிறதா? சந்தேகம் இருந்தால் 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது, கேட்டுவிட்டு வெட்டுங்கள். தவறாகப் போட்ட உரம் ஒரு பருவத்தோடு போகும். தவறாக விழுந்த வெட்டோ பல ஆண்டுகளுக்குச் செடியில் நிற்கும்.