உயிர் காக்கும் சுடுகாட்டுப் பூ

இராயபுரம், காசிமேடு பகுதிகளில் கல்லறைகளின் ஓரத்திலும், திருவொற்றியூரில் வீட்டு வாசல்களிலும், எண்ணூரின் உவர் மணலிலும் யாரும் நடாமலே வளர்ந்து பூத்து நிற்கும் செடி ஒன்று உண்டு. ஐந்து இதழ்கள், இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை நிறம். ஆண்டு முழுவதும் பூப்பதால் அதற்கு நித்தியகல்யாணி என்று பெயர். சுடுகாட்டிலும் செழித்து வளர்வதால் சுடுகாட்டுப் பூ என்றும், சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். அரளியின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியை ஆடுகூடக் கடிப்பதில்லை. நாமும் இதைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் இரத்தப் புற்றுநோயால் வாடும் குழந்தைகளைக் காக்கும் சிறந்த மருந்துகளுள் ஒன்று இச்செடியிலிருந்தே பிறந்தது! அது எப்படி வேலை செய்கிறது? அப்படியானால் இதன் இலையை நாமே பறித்துக் காய்ச்சிக் குடிக்கலாமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று

நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து வெப்ப நாடுகள் பலவற்றிற்கும் இது பரவியது. பல நாடுகளில் இதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்குக் கொடுத்து வந்தனர். 1952ஆம் ஆண்டு, ஜமைக்கா தீவிலிருந்து இவ்விலைகள் கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்து சேர்ந்தன. அவர் அவற்றை ஆராய்ச்சியாளரான தம் சகோதரர் ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோதோ எலிகள் தொற்றுநோய் கண்டு இறந்தன. காரணம் என்ன? நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அவற்றின் இரத்தத்தில் வெகுவாகக் குறைந்திருந்தன.

இரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள் அளவின்றிப் பெருகுகின்றன. அவற்றைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு மருந்தாகலாம் அல்லவா? இவ்வாறு எண்ணிய நோபிளும், சார்லஸ் பீர் என்ற வேதியியல் அறிஞரும் முயன்று, 1958ஆம் ஆண்டில் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்ததை உலகிற்கு அறிவித்தனர். அமெரிக்காவில் இலில்லி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் தனியே இதே செடியை ஆராய்ந்து வந்தனர். அவர்கள் கண்டறிந்த வின்கிரிஸ்டின் 1963ஆம் ஆண்டு அங்கே பயன்பாட்டுக்கு வந்தது.

அறுந்த கயிறும் நின்ற வேலையும்

நம் உடலின் ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதிலுள்ள 46 குரோமோசோம்களும் இரட்டிப்பாகி நடுவில் வரிசையாக நிற்கும். பிறகு இரு பக்கங்களிலிருந்தும் நுண்ணிய இழைகள் அவற்றைப் பற்றி இழுத்துச் சமமாகப் பங்கிடும். துறைமுகத்தில் கப்பலை வடம் பூட்டி இழுப்பதைப் பார்த்திருக்கிறோம். அதைப் போன்றதே இதுவும். இந்த வடங்கள் டியூபுலின் என்ற புரதத் துகள்கள் ஒன்றோடொன்று கோத்து உண்டாகின்றன. வின்கிரிஸ்டின் அத்துகள்களோடு ஒட்டிக்கொண்டு, அவை கோத்து நீளாதபடி தடுத்துவிடுகிறது. வடம் இல்லை, இழுக்க ஆளில்லை. உயிரணு பாதி வேலையில் அப்படியே நின்றுபோகிறது.

வெகு நேரம் இவ்வாறு நின்ற உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் பாதையில் இறங்குகிறது. அதன் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்டிரியாவிலிருந்து ஒரு புரதம் கசிகிறது. அது காஸ்பேஸ் என்னும் நொதிகளைத் தட்டி எழுப்புகிறது. அந்நொதிகள் உயிரணுவின் உள்ளுறுப்புகளை வெட்டுகின்றன. பழைய கப்பலைப் பிரித்து அடுக்குவதுபோல உயிரணு சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிய, அருகிலுள்ள அணுக்கள் அவற்றை விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்கின்றன. இவ்வகை மரணத்திற்கு 1972ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

புற்றுநோய் அணுக்கள் ஓயாமல் பிரிவதால் இம்மருந்தில் எளிதாக அகப்படுகின்றன. ஆயினும் மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. வேகமாகப் பிரியும் முடிவேர் அணுக்களும் பாதிக்கப்படுவதால் முடி கொட்டுகிறது. நீண்ட நரம்பணுக்கள் தம் உள்ளே பொருள்களைக் கொண்டுசெல்ல இதே டியூபுலின் இழைகளைத் தண்டவாளம்போலப் பயன்படுத்துகின்றன. ஆகவே சிலருக்குக் கை கால் விரல்கள் மரத்துப்போகின்றன.

நம் நாட்டில்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலி கொடுத்தவர். அத்துயரத்தின் பயனாக 1954ஆம் ஆண்டில் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். 1984ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஒரு கூட்டுச் சிகிச்சைத் திட்டத்தை இந்நிலையமும் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் கையாண்டன. வின்கிரிஸ்டினோடு வேறு மருந்துகளும் சேர்ந்தது அத்திட்டம். அதற்கு முன் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் ஐவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. பின்னர் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கலாயினர். வசதி மிகுந்த நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள்வரை குணமடைகின்றனர்.

நாமே காய்ச்சிக் குடிக்கலாமா?

கூடவே கூடாது! ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் இன்னும் அரிது. ஒரு கைப்பிடி இலையில் நோயைத் தீர்க்கும் அளவு மருந்து கிடையாது. ஆனால் உடலுக்குக் கேடு செய்யும் வேறு நஞ்சுகள் அதில் உண்டு. தூய்மைப்படுத்திய மருந்தைக்கூட நோயாளியின் உயரம், எடை பார்த்து மில்லிகிராம் கணக்கில் இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்துகிறார்கள். தவறி முதுகுத்தண்டு நீரில் செலுத்தினால் உயிரே போய்விடும்.

"செடி கொல்லையிலேயே இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு ஏன் அலைய வேண்டும்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கஷாயத்தில் கழிக்கும் ஒவ்வொரு வாரமும் நோய்க்கே லாபம். நாள்பட்ட காய்ச்சல், காரணமில்லாத வெளிறல், அடிபடாமலே தோலில் நீலத் தழும்பு, ஈறில் இரத்தக் கசிவு, கழுத்தில் கட்டி, எலும்பு வலி ஆகியவை தம்பி தங்கையரிடம் தென்பட்டால் பெற்றோரிடம் உடனே சொல்வோம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஒரு சிறு இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் வழி காட்டிவிடும்.

இலையைப் பறித்துத் தந்தது இயற்கை. அதிலிருந்து நஞ்சை நீக்கி மருந்தை எடுத்தது பல ஆண்டுக் கல்வியும் உழைப்பும். அவ்வேலை இன்னும் முடியவில்லை. 2022ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் ஈஸ்ட்டைக் கொண்டே வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய மூலப்பொருள்களைத் தயாரித்துக் காட்டினர். எஞ்சிய வேலையைச் செய்யப் போகிறவர்களுள் நம் வகுப்புத் தோழியரும் இருக்கட்டும்!