சீசனுக்கு மட்டும் ஓடும் அம்பாசிடர்

ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால், தென்காசியில் சில வீடுகளின் தகரக் கொட்டகைக்குள் ஒரு வேலை தொடங்கும். தார்ப்பாயை விலக்கி, எலி கடித்த வயரை மாற்றி, தெருப் பையன்களைக் கூப்பிட்டு அம்பாசிடரைத் தள்ளி ஸ்டார்ட் செய்வார்கள். குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரு சுற்று வந்தால் வண்டிக்கு அந்த வருஷத்து வேலை முடிந்தது.

இந்தப் பழைய பெட்ரோல் வண்டி லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய காரியம். அதைவிடச் செலவு வைப்பது, ஓடாமல் நிற்பதுதான். பேட்டரி இறங்கும், டயர் வெடிப்பு விடும், டேங்கில் கிடக்கும் பெட்ரோல் கெடும். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் ஈரத்துணியோடு ஏறி உட்கார, சீட்டில் வடியும் தண்ணீர் ரப்பர் மேட்டுக்கு அடியில் தங்கிவிடும். மேட்டைத் தூக்கினால் தகடு செதில் செதிலாகக் கையோடு வரும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். யானையாவது கோயிலுக்கு ஆகும்.

உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது 2014 மே மாதம். அதனால் ஊரில் நிற்பவற்றில் பெரும்பாலானவை 15 வயதைத் தாண்டியவை. டெல்லி போலத் தடை இங்கே இல்லை. சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் பதிவை நீட்டிக்கலாம். ஆனால் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயது கடந்த கார்களுக்கு 2025-ல் அதுவே 10,000.

வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. தெரிந்தவர்தானே என்று சாவியைக் கொடுத்துவிட்டு, ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விட்டுவிடுவார்கள். 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்கே. புளியரை தாண்டிக் கேரளத்தில் பதிவு மாறப்போகிற வண்டி என்றால் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும்.

யாரும் வாங்காத நிலைக்கு வந்துவிட்டால் பேரீச்சம்பழத்துக்குத்தான் என்பார்கள். காயலான் கடையில் எடைக்குப் போட்டுக் காசு வாங்குவது சுலபம். பதிவு மட்டும் உயிரோடு இருக்கும். உடைத்த வண்டியைப் பற்றி 14 நாளில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு.

என்னைக் கேட்டால், கிடைக்கும் விலை கொஞ்சம் குறைந்தாலும் 2021 விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுப்பதே நல்லது. அங்கே தரும் ஒப்படைப்புச் சான்றிதழைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகைக்கும் மத்திய விதி இடம் தருகிறது. நமக்குப் புது வண்டி வேண்டாம் என்றால், அந்தச் சான்றிதழை வாங்கப்போகிற இன்னொருவர் பெயருக்கு மாற்றியும் கொடுக்கலாம்.